கயிற்றிலேயே இருந்த நூற்றைம்பது

போதும். ஆறு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இறந்தவனைக் குறை பேசக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால்தான் உன்னைப் பற்றி யாரிடமும் பேசாமல் உன்னிடமே பேசுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் லோஷினி கிள்ளானில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். டெங்கிலில் நாம் பயிற்சி செய்த அதே பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் காலையில் சிலிண்டர் கட்டி முழுகிவிட்டு நேராக வந்திருக்கிறாள். உன் கறுப்புப் பையை அவள் தரையில் வைத்ததும், ஈர ரப்பரும் சேறும் கலந்த அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. என் இடது தோள் உடனே வலிக்க ஆரம்பித்தது. வாடைக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு என்று மருத்துவர் சிரிப்பார். உனக்குத் தெரியும்.

பையிலிருந்து சாட்சியாக வரச் சம்மதிக்கும் படிவம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடுத்த மாதம், உன் நினைவு நாளில், சபா கடலில், நீ இறங்கிய அதே இடத்தில் அவளும் நூற்றைம்பது மீட்டர் இறங்கப் போகிறாளாம்.

"அப்பாவுக்கு நீங்கதான் சாட்சி கையெழுத்துப் போட்டீங்க அங்கிள். எனக்கும் நீங்களே போடுங்க லா. ராசியான கை."

எந்த அட்டவணைப்படி மேலே ஏறப் போகிறாய் என்று கேட்டேன். அந்த ஆழத்திலிருந்து நின்று நின்று ஏறாவிட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி ஆளைக் கொன்றுவிடும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்பது, எங்கே எந்தக் காற்றுக் கலவைக்கு மாறுவது என்று நீ கைப்பட எழுதி பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினாள்.

"இது நூத்தம்பதுக்குப் போய்த் திரும்பி வந்த டேபிள் அங்கிள். கடைசித் தடவை நடந்தது ஹார்ட் பிரச்சினை. டேபிள் மேல தப்பில்ல."

வைத்துவிட்டுப் போம்மா, பார்த்துப் போடுகிறேன் என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். படிவம் இன்னும் மேசைமேல் கிடக்கிறது.

அந்தக் கயிறு நினைவிருக்கிறதா? போர்ட் கிள்ளானில் நான் சரக்கு அளவாய்வு செய்யும் கிடங்கின் முற்றத்தில்தான் அதை நீட்டிப் போட்டோம். நனைந்தால் கயிற்றின் நீளம் மாறும் என்று முதல்நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, இழுத்துக் கட்டி, ஈரத்தோடு அளந்தேன். நீ வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, "கப்பல்ல வர்ற அரிசிய அளக்கிற மாதிரி அளக்கிறான்டா" என்று கிண்டல் பண்ணினாய். பண்ணு. என் பிழைப்பே அதுதான். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுவது.

பெயின்ட் வாளி மூடிகளை வெட்டி எண் அட்டைகள் செய்தோம். பத்து மீட்டருக்கு ஒன்று. எண்களை நான்தான் எழுதினேன். வேறு யாரும் போலி செய்ய முடியாதபடி என் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்றாய். அடியில் இருக்கும் நூற்றைம்பதைக் கழற்றிக்கொண்டு மேலே வந்தால் அதுவே சான்று. ஆழம் காட்டும் கைக்கணினி அந்த அழுத்தத்தில் தாங்காது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாய்.

நம் வழக்கம் ஒன்று உண்டு. முழுகுகிறவன் எதையும் ஒன்றாக எடுத்துப் போகமாட்டான். இரண்டு விளக்கு, இரண்டு கத்தி, இரண்டு முகமூடி. "ஒண்ணு இருந்தா ஒண்ணும் இல்லாத மாதிரி" என்று உன் கடைக்கு முழுகக் கற்க வரும் மாணவர்களுக்கு நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். அந்தப் பழக்கத்தில் நூற்றைம்பது அட்டையை மட்டும் இரண்டாகச் செய்யச் சொன்னாய். அட்டை உடைந்துவிட்டால் என்ன செய்வது என்றாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டிலும் ஒரே மாதிரி எழுதினேன். ஒன்றைக் கயிற்றில் கட்டினேன். மற்றதைக் கடை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டதாகச் சொன்னாய்.

சபாவில் நீ இறங்கிய அன்று அறுபது மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உனக்காகக் காத்திருந்தேன். நீ வரவேண்டிய நிமிடம் கடந்தது. இன்னும் இரண்டு நிமிடம் கடந்தது. என் சிலிண்டரில் இருந்த காற்று அதற்குக் கீழே போகிறவனுக்கானது இல்லை. அது தெரிந்தும் இறங்கினேன். எழுபத்தெட்டில் தலை சுற்றியது. கீழே உன் விளக்கு தெரிந்தது. அது அசையவில்லை. நீ செத்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். லோஷினியிடம் என்ன சொல்வது என்று யோசித்ததுகூட நினைவிருக்கிறது. பிறகு விளக்கு அசைந்தது, மெதுவாக மேலே வந்தது. அந்த இறக்கத்தின் பரிசுதான் இந்தத் தோள். எலும்புக்குள் ரத்த ஓட்டம் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

படகில் நீ அட்டையைத் தூக்கிக் காட்டினாய். எல்லோரும் கைதட்டினார்கள், கேமராக்கள் சுற்றிக்கொண்டன. நான் அழுதேன். அழுதுகொண்டே சாட்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் படகின் பின்பக்கம் போய்க் கயிற்றை இழுத்துச் சுருட்டினேன், ஏனென்றால் அந்த வேலை எப்போதும் என்னுடையது. கடைசிப் பத்து மீட்டர் மேலே வந்தபோது அதன் நுனியில் நூற்றைம்பது இருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

நீ பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"பாத்துட்டியா?" என்றாய். பிறகு, "பயம் வந்திருச்சிடா. தொண்ணூத்தஞ்சுலயே நின்னுட்டேன். டைம் ஆகட்டும்னு அங்கயே புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப கையில வச்சிருந்தியே, அது?"

"நீதானே ரெண்டு எழுதிக் குடுத்த."

இந்த ஒரு வாக்கியத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். நான் உன்னைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தபோது நீ எனக்குப் பதினேழு மீட்டர் கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என் விளக்கு கீழே வருவதைப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டும் நிமிடக் கணக்கு முடியட்டும் என்று இருந்தாயா? நீ சாகும்வரை இதைக் கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது. ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"நம்ம ஆளு ஒருத்தன் செஞ்சான்னு இருக்கட்டுமே லா, யாருக்கு என்ன கெட்டுப் போச்சி" என்று என் முதுகைத் தட்டிவிட்டு கேமராக்களிடம் போனாய். நான் அட்டையை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதே கடலில் எறிந்திருக்கலாம், இல்லை, அங்கேயே எல்லோர் முன்னும் தூக்கிக் காட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. சொன்னால் பொய்ச் சாட்சி போட்டவன் என்று என் பெயரும் கெடும். கையெழுத்தை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அடுத்த வாரம் கிள்ளானில் பாராட்டு விழாவில் எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

பள்ளியில் ஆறாம் படிவம் படித்தபோது வாங்கிப்போன இயற்பியல் நோட்டைக்கூடத் திருப்பித் தராதவன் நீ. உன்னிடம் நான் என்ன எதிர்பார்த்தேன் என்று சில நாள் என்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

பிறகு பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. சுவரில் உன் படம் மாட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்து, நூற்றைம்பதில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று நான்கு மாணவர்களுக்கு விவரித்துக்கொண்டிருந்தாய். உன் அட்டவணையை அவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் கேட்டேன், அந்த வெளிச்சத்தை யார் பார்த்தது என்று. உன் முகம் மாறியது.

"சரி, நெசமாவே போயிட்டு வரேன். அப்பறமாச்சும் வாய மூடுவியா?"

"போயிட்டு வந்து சொல்லு" என்றேன்.

அதுதான் நான் உன்னிடம் பேசிய கடைசி வார்த்தை. நூற்றறுபது என்று அறிவித்துவிட்டு, என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாய். நூற்று இருபத்தொன்றில் நின்றுபோனாய். கயிற்றோடு சேர்த்து உன்னை மேலே இழுத்தார்கள். ஏற்கெனவே நூற்றைம்பது போய் வந்தவனுக்கு நூற்று இருபத்தொன்று ஒரு ஆழமா, இது இதயமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். கிள்ளானில் உன் சவப்பெட்டியை இந்தத் தோளில்தான் தூக்கினேன். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆழம் உனக்குப் புதிது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது பார், என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று. உன் அட்டவணைப்படி நூற்றைம்பது போய் உயிரோடு வந்தவர் ஒருவரும் இல்லை. தொண்ணூற்றைந்து போனவன் நூற்றைம்பதுக்கான அட்டவணைப்படி ஏறினால் சுகமாகத்தான் இருப்பான். அதை நம்பித்தான் உன் மகள் இறங்கப் போகிறாள். நீ சொன்ன பொய்யை அவள் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் மூன்று முறை போனை எடுத்தேன். "சொல்லுங்க அங்கிள்" என்று அவள் சொன்னதும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் கோழை. என்ன செய்ய, உன்னோடு முப்பது வருடம் பழகியிருக்கிறேன்.

ஆகவே இதை உனக்கே அனுப்புகிறேன். உறைமேல் உன் பெயர், பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முகவரி. உனக்கு வரும் கடிதங்களை அவள்தான் பிரிக்கிறாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். உள்ளே அவள் கொடுத்த படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் வெறுமையாக வைத்திருக்கிறேன். கூடவே, கயிற்றிலிருந்து வெட்டிய அந்த அட்டை, முடிச்சோடு. உங்கள் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நூற்றைம்பது மாட்டியிருக்கிறது. இதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு அரை நிமிடம் போதும்.

அட்டை போய்விட்டால் என்னிடம் மிச்சம் இந்தத் தோள் மட்டும்தான். நான் உன்னைத் தேடி வந்தேன் என்பதற்கு வேறு சான்று இல்லை. அது இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் பேனா தாளின் அடிக்குப் போனது. நிறுத்திவிட்டேன். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஊர் உன்னை நம்பியது, உன் மகளும் நம்பினாள். இந்த ஒன்றையாவது அது இல்லாமல் நம்பட்டும். நாளை காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன், பெயர் போடாமல்.