முதுகு மட்டும் தெரிந்த நடிகை

அன்புள்ள அக்கா,

போனில் எனக்குப் பேச்சு வராததால் எழுதுகிறேன். மாடம்பாக்கத்தில் நான் பார்த்துக்கொள்ளும் மெட்டில்டாம்மா, அந்தக் காலத்துச் சினிமாவில் கதாநாயகிகளுக்கு டூப் போட்டவர். அவர் மகன், எங்கள் சார், நம்ப மாட்டார். "மூஞ்சியே தெரியாத நடிகையா? ரீல் விடாதீங்கம்மா!" என்பார். அன்றைக்கு அம்மா சாப்பிட மாட்டார்.

நேற்று டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். குளத்தில் குதிக்கும் முன், முதுகு காட்டி நின்ற கதாநாயகி பின்னல் நுனியை இடது கையால் இடுப்பில் செருகினாள். தினமும் நான் பின்னிவிட்டதும், இப்போது பின்னல் அவ்வளவு தூரம் எட்டாவிட்டாலும், அம்மாவின் இடது கை இடுப்புக்குத்தான் போகும்.

"சார், அந்தக் கையைப் பாருங்க, நம்ம அம்மா!" என்று கத்திவிட்டேன். வகுப்பில் வாய் திறக்கப் பயந்து பள்ளியை விட்ட நான்தான்!

"அட, ஆமாம்மா!" என்றார் சார். அம்மா இன்னொரு தோசை கேட்டார்.

ஞாயிறன்று போன் பண்ணு. நானே பேசுகிறேன்.

உன் ஊமைக்கோட்டான்