ஆறு மணிக்கு நின்ற பேச்சு

மாப்ளே,

இன்றைக்குக் கோர்ட்டுக்குப் போகிற வழியில் உன் பட்டறை வாசலில் ஒரு புது லாரிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாசனை ரோட்டின் இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லாரிக்குப் பாடி கட்டுகிறவன் எம்.பி. ஆகி, டெல்லிக் குளிருக்குக் கழுத்து மூடின கோட்டு தைத்துப் போட்டபோதும் உன்மேல் இந்த வாசனைதான் அடித்தது. "என்னடா, சபைக்குப் போறதுக்கு முன்னால நீயும் ஒரு கோட்டிங் அடிச்சுக்குவியா?" என்று கேட்பேன். "துருப் பிடிக்கக் கூடாதில்ல வக்கீலு" என்பாய்.

அதுவும் இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கு வேலை ஓடுவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு உன் குரல் கேட்கும். "அந்த அம்மா என்னிடம் கேட்டது..." என்று ஆரம்பிக்கும். அதோடு நின்றுவிடும். எதிரில் வழக்குக்காரர் உட்கார்ந்திருந்தாலும் சரி, நான் பேசிக்கொண்டிருந்ததை மறந்துவிடுவேன். போன வாரம் வீட்டில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன கேட்டுச்சு, சொல்லித் தொலையேன்டா" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "ஏனுங்க, ஆருகூடப் பேசறீங்க?" என்று என் மனைவி வந்து பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் லைட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

முதல் தடவை ஜெயித்துப் போகிறவர்கள் எல்லாம் என்ன செய்வார்கள்? பெரிய ஆட்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நீ டெல்லி போன சூட்டோடு என்னைக் கூப்பிட்டு, "மசோதா எழுதோணும், வா" என்றாய். நான் விளக்கிச் சொன்னேன். மந்திரியாக இல்லாத ஒருவர் கொண்டுவருவது தனிநபர் மசோதா. அதற்கென்று ஒதுக்கியிருப்பது வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான். அந்நேரத்துக்குப் பாதிப் பேர் ஏர்போர்ட்டில் இருப்பார்கள். கொடுத்து வைத்தாலும் குலுக்கலில் வந்தால்தான் விவாதம். விவாதம் நடந்தாலும் அது சட்டமாவது கல்லில் நார் உரிக்கிற காரியம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதிவுல ஏறுமில்ல?" என்றாய். ஏறும் என்றேன். "அப்பறம் என்ன, எழுது."

நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் குளித்துத் தூங்க இடம் கேட்டு முதல் மசோதா. குமாரபாளையத்தில் தறிச் சத்தத்தில் காது போனவர்களுக்காக இரண்டாவது. இரண்டையும் அறிமுகம் செய்தாய். இரண்டும் குலுக்கலில் வரவில்லை. ஊரில் யாருக்கும் அது தெரியவும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை நீ ஊரில் இல்லை என்பதுதான். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள், இழவுக்கு வராதவனை விடமாட்டார்கள். கட்சிப் பெரியவர் என்னிடமே கத்தினார்: "எழவு ஊட்டுக்கு வராத ஆளுக்கு மறுபடியும் ஓட்டுப் போடறதுக்குச் சனமென்ன இளிச்சவாயா?" உன் சித்தப்பா தவறினது ஒரு வெள்ளிக்கிழமை. எல்லாம் முடிந்து மறுநாள் வந்து நின்றாய். பங்காளிகள் ஒருவர்கூட உன் முகத்தைப் பார்க்கவில்லை. 'வெள்ளிக்கிழமை எம்.பி.' என்று உனக்குப் பேரே வைத்தார்கள். அதைச் சொல்லிச் சிரித்தாய். ஆனால் அன்றைக்கு நீ சாப்பிடவில்லை, எனக்குத் தெரியும்.

மூன்றாவது மசோதாவுக்குக் காரணம் புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி, ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்கிற பெண். அவள் புருஷன் போர் போடுகிற ரிக் வண்டியில் நார்த்துக்குப் போனவன். போன இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். வண்டி அடுத்த போர் போடும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. பேச்சு தெரியாத ஊரில், கேட்பாரில்லாத பிணம் என்று போலீசே அடக்கம் செய்துவிட்டது. சேதியே இவளுக்குப் பிறகுதான் வந்தது. அவள் பட்டறைக்கு வந்து உன்னைப் பார்த்த அன்றைக்கு நான் கோர்ட்டில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் நீ என்னிடம் வந்து, "பொழைக்கப் போன எடத்துல செத்தா, அவன ஊர் கொண்டாந்து சேக்கறது கவுருமெண்டுக் கடமைன்னு எழுது. மொத வரியே அதான்" என்றாய். அந்த அம்மா என்னதான் கேட்டாள் என்றேன். "அத உங்கிட்டச் சொன்னா நீ அதையும் ஒரு பிரிவாக்கி, உட்பிரிவாக்கி, சாகடிச்சுப் போடுவ. சபைல சொல்றப்பக் கேட்டுக்க" என்று நக்கலடித்தாய்.

அந்த மசோதா குலுக்கலில் வந்துவிட்டது! பட்டறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாய். நான் டெல்லிக்கு வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். கீழே எங்கே பார்த்தாலும் காலி இருக்கைகள். உனக்கு முந்தின உறுப்பினரின் மசோதா இழுத்துக்கொண்டே போய், உன் முறை வரும்போது ஆறு மணி நெருங்கிவிட்டது. நீ எழுந்து அழகாகத் தமிழில் ஆரம்பித்தாய். ரிக் வண்டியைச் சொன்னாய், காய்ச்சலைச் சொன்னாய். "அந்த அம்மா என்னிடம் பணம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது..." என்று சொல்லி வலது கையைத் தூக்கினாய். அந்த நேரம் பார்த்துத் தலைமையில் இருந்தவர் குறுக்கிட்டார். நேரம் முடிந்துவிட்டது, உறுப்பினர் அடுத்த முறை தொடரலாம் என்றார். பாதி தூக்கின கை அப்படியே நின்றது. மற்றவர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நீ கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை இறக்கினாய்.

வெளியே வந்ததும், "இப்பவாவது சொல்லேன்டா" என்றேன். "அடுத்த தடவ வந்து கேளு. டிக்கெட்டு நான் போடறேன்" என்று என் தோளைத் தட்டினாய்.

அடுத்த தடவை எங்கேயடா வந்தது? அதற்குள் ஒரு காலையில், டெல்லி வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். ஒரு போனில் எல்லாம் நடந்தது. பெட்டி வந்தது, மாலை வந்தது, விமானத்தில் இடம் வந்தது. கோவையில் இறங்கினால் வண்டி தயாராக நிற்கிறது. வழியெல்லாம் போலீஸ் நின்று ரோட்டை விலக்கிக் கொடுத்தது. நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். நான் எழுதின மசோதாவின் முதல் வரி உனக்கு மட்டும் அட்சரம் பிசகாமல் நடக்கிறதே என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பெருமைப்படவா அழவா என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், மாப்ளே.

உனக்காகச் சபை எழுந்து நின்றதாம். வெள்ளிக்கிழமை இல்லாதவர்கள் எல்லாம் அன்றைக்கு இருந்திருப்பார்கள். கொண்டுவந்த உறுப்பினர் இல்லாவிட்டால் மசோதாவும் பட்டியலில் இருந்து எடுபட்டுவிடும், அதுதான் விதி. உன் இடத்துக்கு ஜெயித்து வந்தவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மனுசன்தான். புரட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமைன்னா ஊர்ல விசேசம் நெறையா இருக்குமுங்களே" என்றார். மசோதாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டிருக்கலாம். அவள் ஊர் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? ஆனால் பயமாக இருந்தது. அந்தப் பேச்சு முடியாமல் இருக்கிறவரைக்கும் நீ எங்கேயோ பேச நின்றுகொண்டிருக்கிறாய் என்று ஒரு நினைப்பு. முடிந்துவிட்டால் நீயும் முடிந்துபோவாய். இன்றைக்கு அந்தத் தின்னர் வாசனை என்னை உலுக்கிவிட்டது. கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் புதுச்சத்திரத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.

அந்தப் பெண் வேலை முடிந்து, தன் வீட்டு வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். உன் பேரைச் சொன்னதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என்னம்மா கேட்டீங்க அவரிடம் என்றேன்.

"பெருசா ஒண்ணும் கேக்கலீங்க சாமி. அமாவாசைக்குச் சோறு வெக்கறனுங்க. எங்கூட்டுக்காரர எந்தப் பக்கம் பொதச்சாங்கன்னு தெரியலயே, எங்க பாத்துக் கும்புடறது? வாசல்ல நின்னு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்புடுவேனுங்க. பாக்கறவங்க கிறுக்குப் புடிச்சிருச்சுங்கறாங்க. திக்கு மட்டும் சொல்லுங்க, போதும்னு கேட்டனுங்க."

"சொன்னாரா?"

"அடுத்த வாரமே வந்தாருங்க. அந்த ஊரு போலீசுக்கெல்லாம் பேசி எடத்தக் கண்டுபுடிச்சுட்டேன்னாரு. போன்ல என்னமோ பாத்தாரு. இந்தா, இங்கதான் நின்னு கையக் காட்டுனாரு. அந்தப் பாறக் கரடு இருக்குதுல்லீங்க, அதுக்கு எடதுபக்கமா, நேரா வடக்கன்னாரு. இப்ப அங்க பாத்துத்தானுங்க கும்புடறேன்."

சபையில் உன் வலது கையை எதற்காகத் தூக்கினாய் என்று அந்த வாசலில் நின்றுதான் எனக்கு விளங்கியது. நான் அதைப் பேச்சுக்கான சைகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடப் பாவி, அந்தக் காலி இருக்கைகளுக்கெல்லாம் நீ திக்கு காட்டப் போயிருக்கிறாய்.

போய்ட்டு வாரேன்மா என்று திரும்பினேன். அவள் என் பின்னாலேயே வண்டி வரைக்கும் வந்தாள்.

"ஏனுங்க சாமி, எம்.பி. அய்யாவுக்கும் ஒரு சோத்துருண்டை வெக்கோணும்னு இருக்கறனுங்க. அவர எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

அப்போது ஆறு மணி இருக்கும். என் வலது கை தானாக மேலே போனது. தெற்கே, நாமக்கல் பக்கம், உன்னை அடக்கம் செய்த தோட்டம் இருக்கிற திசையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அவள் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் கையை இறக்கவில்லை.