ஒன்பதாம் அறைக் கைப்பட்டை இன்னும் நடந்துகொண்டிருப்பது குறித்து

அனுப்புநர்:
ஒன்பதாம் அறையில் இருந்த அம்மாவின் உடன்பிறந்த தம்பி,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

பெறுநர்:
முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கான ஆய்வு அதிகாரி அவர்கள்.

பொருள்: மறதி நோயாளர் இல்லம் – இறந்துபோன என் அக்காவின் கைப்பட்டை நடந்துகொண்டிருப்பது – அதே முறையில் உயிருடன் இருக்கும் இருவருக்குத் தவறான மாத்திரை கொடுக்கப்படுவது – உடனே தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இல்ல மேலாளருக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களும், அவருடைய ஒரு வரிப் பதிலும்.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் மனு எழுதிப் பழக்கம் இல்லாதவன். முறை தவறி ஏதும் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் அக்கா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். என்னை வளர்த்ததும் அவரே. மறதி நோய் முற்றி, என்னையே யாரோ என்று பார்க்கத் தொடங்கிய பிறகு, வேறு வழியின்றி மேற்படி இல்லத்தில் சேர்த்தேன்.

2. சேர்த்த அன்றே அவர் கையில் ஒரு பட்டை மாட்டினார்கள். நாடித் துடிப்பு, தூக்கம், நடை, இருக்கும் இடம் எல்லாவற்றையும் அது என் அலைபேசிக்கும், எங்கோ வெளியூரில் இருந்து காணொளியில் வைத்தியம் பார்க்கும் மருத்துவருக்கும் அனுப்பும் என்றார்கள். நான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன். படித்துப் பார்த்துத்தான் இட்டேன்.

3. முதல் மாதம் அக்கா நாளொன்றுக்கு முந்நூறு அடி நடந்ததாக வந்தது. இரண்டாம் மாதம் அது பதினான்காயிரம் ஆனது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது மற்ற ஓட்டுநர்களிடம் அலைபேசியை நீட்டி, "எங்க அக்காவைப் பாருங்கய்யா, உங்களை விட நல்லா நடக்குது" என்று பீற்றிக்கொண்டேன்.

4. ஆனால் நேரில் போகும் போதெல்லாம் அக்கா நாற்காலியில் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டால், "இப்பதான் சார் நடந்துட்டு வந்து அசந்துட்டாங்க" என்றார் பணிப்பெண். நான் நம்பினேன். கண் எதிரே இருந்த அக்காவை விட்டுவிட்டுக் கையில் இருந்த அலைபேசியை நம்பினேன்.

5. இதை மறைத்தால் இந்த மனு பொய் மனு ஆகிவிடும்: ஒருமுறை காணொளியில் மருத்துவர் என்னிடமே கேட்டார், "ஓயாம நடக்கிறாங்கன்னு காட்டுதே, நிஜமாவா?" நான், "ஆமாங்க டாக்டர், நிக்கவே மாட்டாங்க" என்று கண்ணால் பார்த்தவன் போலச் சொன்னேன். அன்றே அமைதிப்படுத்தும் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். அதற்கு ஐந்தாம் வாரம் அக்கா நாற்காலியிலிருந்து எழ முயன்று விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆறே நாளில் இறந்தார். மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் நடக்காத ஒருவரின் நடையைக் குறைக்க அது கொடுக்கப்பட்டது.

6. அடக்கம் முடிந்த மறுநாள் மாலை நான்கு மணிக்கு அலைபேசி ஒலித்தது. "உங்கள் அன்புக்குரியவர் நடக்கத் தொடங்கிவிட்டார்" என்று செய்தி. நாடித் துடிப்பு எழுபத்திரண்டு. வண்டியை ஓரம் கட்டினேன். திரையில் அக்காவின் புள்ளி தாழ்வாரத்தில் நகர்ந்து, ஒன்பதாம் அறை வாசலில் சற்று நின்று, திரும்பிப் போயிற்று. மறுநாளும் அப்படியே. பதினோரு நாள்கள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்பது இன்னொன்று. தாங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

7. பன்னிரண்டாம் நாள் அக்காவின் துணிமணிகளைத் திரும்ப வாங்க இல்லத்துக்குப் போனேன். நான்கு மணி. புள்ளி என்னை நோக்கி வந்தது. தாழ்வாரம் திரும்பும் இடத்தில் நான் சுவரோடு ஒட்டி நின்றேன். வந்தவர் இரண்டாம் அறையில் இருக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர். இடது கையில் முழங்கை வரை நான்கு பட்டைகள். ஒவ்வொரு கதவாக நின்று நின்று வந்தார். என்னிடம் உள்ளங்கையை நீட்டி, "கையெழுத்து போடுங்க" என்றார். விரலால் போட்டேன். ஒன்பதாம் அறையைத் தட்டிப் பார்த்து, "இங்க ஆள் இல்ல, நாளைக்கு வர்றேன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

8. நடந்தது இதுதான். சலவைத் தொட்டியில் கை வைக்கும் முன் கையில் இருப்பதைக் கழற்றுவது அக்காவின் வேலைப் பழக்கம். தன் பெயரை மறந்தவர் அதை மறக்கவில்லை. பட்டையைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிடுவார். கழற்றினால் பட்டை கத்தும். "மேலேருந்து உடனே போன் வரும் சார். பதினாலு பேருக்கு நான் ஒருத்தி. தபால்காரர் கையில போட்டா அவரும் சந்தோஷமா நடப்பாரு, அதுவும் கத்தாது" என்று பணிப்பெண் அழுதுகொண்டே சொன்னார். அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

9. தபால்காரர் கையில் அவருடையதும் அக்காவுடையதும் போக, மற்ற இரு பட்டைகள் நான்காம் அறைக் கணக்கு ஆசிரியருடையதும், ஆறாம் அறைத் தையல்காரம்மாவுடையதும். ஆசிரியருக்குப் பட்டை அரிக்கிறதாம். தையல்காரம்மா அதன் தையலைப் பிரித்துவிடுகிறாராம். இருவரும் அன்று நாற்காலியில் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும். மேலாளரிடம் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். "ஒன்பதாம் அறைப் பட்டை முறைப்படி திரும்பப் பெறப்பட்டது" என்று பதில் வந்தது.

ஆகவே, ஒரு மருத்துவரை நேரில் அனுப்பி, அந்த இருவரையும் தொட்டுப் பார்த்துச் சோதித்து, மாத்திரையை இன்றே சரிசெய்ய ஆவன செய்ய வேண்டுகிறேன். "கட்டுக்கடங்காமல் அலைபவர்" என்று அக்காவின் பதிவேட்டில் இருப்பதை அடித்துவிட்டு, "உட்கார்ந்திருந்தார்" என்று எழுத உத்தரவிட வேண்டுகிறேன். விசாரணையில், மருத்துவருக்குத் தவறான தகவல் தந்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொள்ளவும்.

சான்றாக என் அலைபேசியையே இத்துடன் இணைத்துள்ளேன். மாலை நான்கு மணிக்கு அது ஒலிக்கும். மேசையில் இருக்கும் அலுவலர் பயப்பட வேண்டாம். பார்த்துக் குறித்துக்கொண்ட பின், அந்தப் பட்டையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். நிறுத்தும் பொத்தான் என் அலைபேசியிலும் இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
ஒன்பதாம் அறை அம்மாவின் தம்பி

இடம்: பேருந்துப் பணிமனை, ஓட்டுநர் ஓய்வறை
நாள்: அக்கா இறந்த முப்பத்து நான்காம் நாள்

இணைப்பு: அலைபேசி ஒன்று, மின்னேற்றியுடன். இரண்டு கடிதங்களின் நகல். அக்காவின் கைக்குட்டை ஒன்று, முடிச்சு அவிழ்க்கப்படாதது. தொட்டுப் பார்த்ததில் உள்ளே ஒன்றும் இல்லை.