ரெண்டு டயரையும் கிழிச்சவனுக்கு

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக் கொட்டிக்கோ. பத்து மணிக்கு உன் அக்கா வர்றாங்க. ஹால் கண்ணாடி ஏன் உடைஞ்சிருக்குன்னு கேட்டா, நான்தான் ஹெல்மெட்டை எறிஞ்சேன்னு சொல்லு. உன் மண்டையைத்தான் குறி வெச்சேன், நீ குனிஞ்சு தப்பிச்சேன்னும் சொல்லு.

மூணு மாச ஓய்வு முடிஞ்சு இன்னிக்கு டிரையத்லான் பயிற்சி திரும்ப ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சே, காய் நறுக்குற கத்தியால என் சைக்கிளைக் குதறி வெச்சிருக்க. அக்கா வர்றப்ப நான் வீட்டுல இருக்கணும்னா வாயால கேட்டிருக்கலாமே? அந்தக் கையை முறிச்சு அடுப்புல வைக்கணும் போல வெறி வருது.

ஆனா மடையா, இன்னிக்குத் திங்கட்கிழமை. திங்கள்னா எனக்கு நீச்சல், சைக்கிளைத் தொடவே மாட்டேன். ஆறு வருஷமா என் ஈரத் துண்டைக் கொடியில காயப்போடுறவன் நீ. அதுகூடவா தெரியல? டயர் வேற வாங்கிக்கலாம். இதுதான் எரியுது.

சோபாவுக்கு அடியிலயும் கண்ணாடிச் சில்லு கிடக்கு. செருப்பு போட்டுட்டு நட.

அப்புறம், கத்தியைத் தேடாதே. பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன். நீ இன்னும் எதையாவது கிழிப்பேன்னு பயந்து இல்ல. நான் திரும்பி வரும்போது அது என் கைக்கு எட்டக் கூடாது.