கப்பலில் பதினொரு பேர்

5 நவம்பர், புதன்

நாலாவது நாளாக மழை. சுவரில் ஈரம், அலமாரியில் ஈரம், திருத்த வேண்டிய சோதனைத் தாள்களில் ஈரம். கோலா செலாங்கூர் மீன்படகுப் படத்தில் மறுபடியும் பூஞ்சை. வானத்தின் இடது மூலை முழுக்க வெள்ளைப் புள்ளி. போன மாதம்தான் துடைத்தேன். ஈரம் இழுக்கும் பெட்டியும் நின்றுவிட்டது. கம்போங் ராஜா கடைக்காரர் ‘நாளைக்கு லா’ என்கிறார், இரண்டு வாரமாக.

கடல் ஓவியம் சேர்க்கிறவனைத் தேடிப் பிடித்து மலை மேல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிய புண்ணியவான் யாரோ.

வசந்தா சொல்கிறாள், கடல் பார்க்க ஆசையென்றால் லுமுட்டுக்கு ஒரு நடை போய் வரலாமாம். கல்யாணமாகி எட்டு வருடம், சுவரில் ஒன்பது படம், இன்னும் இதே பேச்சு.

7 நவம்பர், வெள்ளி

கோலா தெர்லாவிலிருந்து முட்டைகோஸ் லோரிக்குப் பின்னால் ஊர்ந்து, ஒருவழியாக எஸ்டேட். அங்கே கணக்கெழுதிய பழைய கிராணி அருளப்பன் ஐயா ஈப்போவுக்கு, மகள் வீட்டோடு போகிறார். அங்கே சுவரில் இடமில்லையாம். எனக்குக் கடல் படப் பைத்தியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டார்.

அந்தக் காலத்துத் துரை ஊர் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன எண்ணெய் ஓவியம். இரண்டு கை அகலம். கொந்தளிக்கும் கடலில் ஒரு நீராவிக் கப்பல். வாசலிலேயே நின்றுவிட்டேன். அலையின் மேல்விளிம்பில் வெளிச்சம் ஊடுருவுகிற அந்தப் பச்சை! புகை சாயும் பக்கமே கொடியும் சாய்கிறது. கடலைக் கண்ணால் பார்த்தவன் வரைந்தது. கையெழுத்து இல்லை. இருக்கட்டும்.

ஆனால் மேல்தளத்தில் யாரோ மனிதர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். பதினொரு பேர். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்ட். தீக்குச்சி கை, தீக்குச்சி கால். காற்று அந்த அடி அடிக்க, ஒருவர் சேலை கூட அசையவில்லை. 

யார் வேலை என்று கேட்டேன். ஐயா காது கேட்காதவர் போல, படத்தைச் சுற்றி ஒட்ட டேப் தேடப் போனார். அவர் மனைவி மேரியம்மா அடுக்களையில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போகச் சொன்னார், அவ்வளவுதான்.

8 நவம்பர், சனி

பஞ்சு, டர்பன்டைன், பல் குத்தும் குச்சி. காலையில் உட்கார்ந்தவன் மூன்று மணி நேரம் எழவில்லை. மேல்தளத்தின் பின்பக்கம் இருந்த நாலு பேர் போயாச்சு. அடியில் மெல்லிய கைப்பிடிக் கம்பி, சுருட்டி வைத்த கயிறு. கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் தெரிகிறது! இதை மூடி வைக்க எப்படி மனசு வந்தது.

வசந்தா எட்டிப் பார்த்தாள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றாள். ஓவியனைக் காப்பாற்றுவதற்கு யார் அனுமதி வேண்டும் என்றேன்.  அடுக்களையில் மூடி ஒன்று சத்தமாக விழுந்தது.

மீதி ஏழு பேர் நாளைக்கு. முதுகு வலி.

9 நவம்பர், ஞாயிறு

மூடுபனி. எதிர் வரிசை வீடு தெரியவில்லை.

தேவாலயத்தில் பூசை முடிந்து கிராணி ஐயாவும் மேரியம்மாவும் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். படம் மேசை மேலேயே கிடந்தது. துணி போட்டு மூடக்கூட நேரமில்லை. மேரியம்மா குனிந்து பார்த்தார். விரலால் எண்ணினார்.

“நாலு பேரக் காணோம்.”

சுத்தம் செய்ததாகச் சொன்னேன். பழைய ஓவியம், பிற்பாடு பூசிய பெயிண்ட், அது இது என்று வகுப்பில் பேசுவது போல நீட்டினேன். அவர் குறுக்கிடவில்லை. நான் முடித்த பிறகு சொன்னார்.

“அவங்கல்லாம் செத்துப் போனவங்க, சார். எங்க வீட்டுல ஒரு சாவு விழுந்தா, ஒரு ஆள அதுல ஏத்தி விட்டுருவேன். ஏத்தி விட்டா அழுக நின்னுரும்.”

வசந்தா என்னைப் பார்க்கவில்லை. கிராணி ஐயா என்னைவிட அதிகமாக அதிர்ந்து நின்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், படத்தைக் கெடுக்கிறாள் என்றுதான் நினைத்தாராம். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லையாம். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு, “நம்ம பாப்பாவுமா?” என்றார்.

“பன்னெண்டு நாள்தான் இருந்தான். எங்கப்பா மடியில உக்கார வச்சிருந்தேன். ரெண்டு பேரும் போயிட்டாங்க.”

  படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், இப்போதே காரில் ஏற்றுகிறேன் என்றேன்.

“வேணாம் சார். ஈப்போ சூடு. இவங்க குளிருக்குப் பழகுனவங்க. தூரிகை இருக்கா?”

வசந்தா என் வண்ணப் பெட்டியையே தூக்கி வந்து வைத்தாள். நான் தொடத் தயங்கும் உயர்ந்த வண்ணங்கள். எது வேண்டுமென்று மேரியம்மா காட்டினார், நான் குழைத்துக் கொடுத்தேன். முதலில் அப்பா. மடியில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்கு ஒரு தலை. அந்த அருமையான கயிற்றுச் சுருளுக்கு நேர் மேலே. கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். பிறகு தங்கச்சி, நீலச் சேலையில்.

தூரிகையைத் துடைத்துப் பெட்டியை மூடினார்.

இன்னும் ஒருவர் பாக்கி என்று நான்தான் நினைவுபடுத்தினேன்.

“அது என் மாமியா,” என்றார். “எறங்குனது எறங்குனதாவே இருக்கட்டும்.”

கிராணி ஐயா ஜன்னலைப் பார்த்தபடி, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.