உன் கணினியில் சரியாகத்தான் இருக்கும்

கொம்போல்சா,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஃபிஸ்ஸெஹாவுக்கு,

கடவுள் அருளால் அடிஸ் அபாபாவில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை. ஃபெவென் நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். பதறாதே, இப்போது கஞ்சி குடிக்கிறாள். முதலில் அலுவலக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நம் மகளின் கதையைச் சொல்ல முடியாது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போய், அறிக்கை அச்சடிக்கும் புதுப் புரோகிராமை இங்கே எங்கள் தண்ணீர் சோதனை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாயே, அன்று பிடித்த தலைவலி இது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிவைப் போட்டால் போதும், அந்தந்த ஊருக்கு அந்தந்த மொழியில் அறிவிப்பு வரும், மொழிக்குத் தகுந்த எழுத்துருவை அதுவே மாற்றிக்கொள்ளும் என்றாய். ஒரோமோ மொழிக்கு ஆங்கில எழுத்துதானே, அழகாக வருகிறது. நம் ஊர் பேசும் அம்ஹாரிக் மொழிக்குத் தனி எழுத்து, அதற்கு மட்டும் உன் புது எழுத்துருவைப் போட்டு வைத்திருக்கிறாய். அது உங்கள் கணினிகளில் இருக்கிறது, எங்களிடம் இல்லை. இல்லாத எழுத்துக்கு அது என்ன செய்யும்? வரிவரியாகக் காலிக் கட்டங்களை அடித்துத் தள்ளுகிறது.

ஈமெயிலில் அனுப்பினேன். "எங்ககிட்ட சரியாத்தானே இருக்கு, தெவாபெச்" என்றாய். மறுபடி அனுப்பினேன், மறுபடியும் அதே பாட்டு. உன் கணினியில் சரியாகத்தான் இருக்கும், எழுத்துரு அங்கேதானே உட்கார்ந்திருக்கிறது! போனில் படம் எடுத்து அனுப்பினேன். பிரிண்டரைத் துடைத்துப் பார்க்கச் சொன்னாய். துடைத்தேன். கட்டங்கள் முன்னைவிடப் பளிச்சென்று வந்தன. எழுத்துருவையாவது அனுப்பு என்றால், தலைமை அலுவலகத்துக்கு மட்டும்தான் உரிமம் என்கிறாய். பழையதையே போட்டுத் தொலை என்றால், உங்கள் அலுவலகப் பெரியவர் புது எழுத்தைப் பார்த்து உன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிரிண்டரைத் தூக்கித் தெருவில் போடத்தான் தோன்றியது.

மழைக்குப் பிறகு மரியம் கோவில் கிணற்றில் கழிவு நீர் கலந்துவிட்டது. கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்று அறிவிப்பு வர வேண்டும். வந்தது கட்டம். எங்கள் அதிகாரி அத்தோ தெஃபெரியிடம் காட்டினேன். "சீல் இருக்குல்ல, ஒட்டும்மா. மேலிடத்துலேர்ந்து வந்ததுல நாம கை வைக்கக் கூடாது" என்றார். மனசு கேட்காமல் நானே கையால் எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். பொழுது சாய்வதற்குள் கிழித்துவிட்டார்கள். போன வருஷம் கழுதை வண்டியில் தண்ணீர் விற்கிறவன், கிணறு கெட்டுவிட்டது என்று கையால் எழுதி ஒட்டிவிட்டு இரண்டு பங்கு விலைக்கு விற்றானே, மறந்துபோனாயா? கையால் எழுதிய அறிவிப்பை இந்த ஊர் இனி நம்பாது. சீல் குத்திய கட்டங்களை மட்டும் மரியாதையாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் எழுதிய காகிதத்தைக் கிழித்தது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் விடியற்காலையே கெமிசேப் பக்கம் ஒரோமோ அறிவிப்புகளை ஒட்டப் போய்விட்டேன். அந்த ஊர்க்காரர்கள் நின்று படித்தார்கள், கொதிக்க வைத்துக் குடித்தார்கள், ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. இங்கே ஃபெவெனை நம் பக்கத்து வீட்டு ஸெய்னபாவிடம் விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஃபெவெனும் ஸெய்னபாவின் மகனும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக. கண்ணெல்லாம் குழி விழுந்து, என் பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஸெய்னபாவைப் பிடித்து உலுக்கினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரையா கொடுத்தாய் என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நான் என்ன படிக்கத் தெரியாதவளா? நின்னு பார்த்துட்டுத்தான்டி மொண்டேன். தண்ணியில குறை இருந்தா கட்டத்துல டிக் போட்டிருப்பாங்கல்ல? அம்மாம் பெரிய காகிதத்துல ஒரு கட்டத்துலகூட டிக் இல்ல. ஒரு குறையும் இல்லேன்னு உங்க ஆபீஸே சீல் குத்தியிருக்கு. அப்புறம் என்னத்த சந்தேகப்படுறது?" ஊரே அப்படித்தான் படித்திருக்கிறது, ஃபிஸ்ஸெஹா.

வியாழக்கிழமை நீ போன் செய்தபோது நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். உன் குரலைக் கேட்டதும் அவள் "நல்லாருக்கேன்ப்பா" என்றாள். கையில் ஊசி ஏறியிருந்தது. உன் பக்கத்தில் அதுவும் சரியாகத்தான் கேட்டிருக்கும். நானும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அங்கிருந்தே எதைத் துடைக்கச் சொல்வாயோ என்று அவ்வளவு ஆத்திரம்.

வருகிற வெள்ளிக்கிழமை நோன்பு முடிகிற திருவிழா. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மரியம் கோவிலுக்கு வரும், அந்தக் கிணற்றில்தான் குடிக்கும். கிணற்றைப் பூட்டுங்கள் என்று அத்தோ தெஃபெரியிடம் கெஞ்சினேன். "கோவில் கிணத்தை, படிக்கிற மாதிரி ஒரு அறிவிப்பு இல்லாம பூட்டினா என் தலையத்தாம்மா உருட்டுவாங்க" என்கிறார். அவர் பயம் அவருக்கு.

அதனால்தான் இந்தக் கடிதம். கோவில் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் இன்னொரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அச்சானது அச்சானபடியே உன் கைக்கு வரும். வழியில் எந்த எழுத்துருவும் புகுந்து சரிசெய்துவிட முடியாது. பஸ் நடத்துநர் நாளை சாயங்காலத்துக்குள் உன்னிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவர் மேஜையில் இதை விரித்து வைத்து, படித்துக் காட்டச் சொல்.

உனக்குப் பெர்பெரே மிளகாய்ப்பொடி அரைத்து வைத்திருந்தேன். இந்த முறை அனுப்பவில்லை. வந்து வாங்கிக்கொள்.

மரியம் அன்னை உனக்குத் துணையிருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் உன் புரோகிராமில் எழுத்துருவின் பெயர் இருக்கிற அந்த ஒரு வரியை மாற்றி, பழைய எழுத்துருவைப் போடு. அவர்கள் விடமாட்டார்கள் என்றால், காலை பஸ்ஸில் ஏறி நீயே வா. கோவில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் உன் அறிவிப்பை உன் வாயாலேயே படித்துச் சொல். ஃபெவெனும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

உன்,
தெவாபெச்