கீழவாசலில் இல்லாத ஆறு

விரோதிகிருது வருஷம், தை 9. சாத்தான்குளம்.

காலையில் நல்ல பனி. புளியோதரை கிளறி ஆற வைத்தாயிற்று. எள்ளுத் துவையல், வறுத்த வற்றல். கம்பளி 2, செம்பு 1, மாற்றுச் சேலை 3.

நாளை வண்டி. பதினாறு வருஷமாக "அடுத்த தை, அடுத்த தை" என்று தள்ளிக்கொண்டே வந்த என் வீட்டுக்காரர் இவர்களை இந்தத் தையில் நான் விடவில்லை. "நீங்க வரலைன்னா மாடசாமி வண்டியில நான் மட்டும் போயிருவேன்" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

திருநெல்வேலியில் பார்க்க வேண்டியவை. எல்லாம் இவர்கள் சொல்லக் கேட்டது:

காந்திமதியம்மன். என் பேர்க்காரி.
பாடும் தூண்.
விட்டம் முட்டும் நந்தி.
கோயில் கீழவாசல் படியைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு.
வடக்கு ரத வீதி ஆலமரம்.
தெற்கு ரத வீதியில் பச்சைக் கதவு போட்ட வீடு. கல்யாணத்துக்கு முன் இவர்கள் இரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் வீடு.
ரயில்.

எங்கள் மகள் வடிவு நாலு வயசில் காய்ச்சலில் போன அந்த ஐப்பசியில் நான் சோற்றைத் தொடவில்லை. இவர்கள்தான் எதிரே உட்கார்ந்து, ஒரு கவளத்துக்கு ஒரு தெரு என்று திருநெல்வேலியைச் சொல்லிச் சொல்லி ஊட்டினார்கள். நான் பிழைத்துக் கிடப்பது அந்த ஊரால்தான். அதைக் கண்ணால் பார்க்காமல் சாகிறதில்லை.

இவர்கள் அக்கா, பெரிய மதினி, வழியனுப்ப இன்றே வந்து உட்கார்ந்திருக்கிறாள். "தம்பி இருந்த ஊருல்லா! கண்ணைக் கட்டி விட்டாலும் வழி சொல்லுவான்." தம்பி வெற்றிலைச் செல்லத்தைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்கள்.

தை 10. மூலைக்கரைப்பட்டி தாண்டி, ஒரு புளியமரத்து நிழல்.

பென்சில். வண்டி ஆடாத நேரம் பார்த்து எழுதுகிறேன். வெயில் ஏறிவிட்டது. சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறான் மாடசாமி.

இவர்கள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம். "ஏளா, தை மாசம்லா, கூட்டம் நெரியும். மாசிக்கு வருவமா?"

மாடசாமியிடம், "மாட்டைப் பூட்டு" என்றேன்.

தை 11. தி.வேலி. சத்திரம்.

எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

விடியும்போது பாளையங்கோட்டை. பிறகு ஆற்றுப் பாலம். எவ்வளவு நீளம்! வளைவுகளை எண்ணத் தொடங்கித் தப்பிப் போயிற்று. கீழே தண்ணீர், துவைகல், கழுத்துவரை மூழ்கிக் கிடக்கும் எருமைகள். பாலம் தாண்டியும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஆறு பின்னால் போய்விட்டது.

"கோயிலை ஒட்டில்லா ஓடும்னிய?"

"சுத்திக்கிட்டு வரும்."

வரவில்லை. கீழவாசலில் இறங்கினால் கடைகள், தேர், மனுஷர். படியும் இல்லை, ஆறும் இல்லை. பூக்காரி ஒருத்தியிடம் மல்லிகை வாங்கிக்கொண்டே கேட்டேன், ஆறு எங்கே என்று.

"ஆறா? அது குறுக்குத்துறைலல்லா கெடக்கு, தாயி. தெக்க போவணும்."

"முன்னால இங்கன ஓடிச்சு. இப்ப மாறிப் போச்சு போல" என்றார்கள் இவர்கள்.

பூக்காரி மேலும் கீழும் பார்த்தாள். "நான் பொறந்ததுல இருந்து இங்கனதான் பூ கட்டுதேன், அண்ணாச்சி. ஆறு எப்ப மாறிச்சு?"

வடக்கு ரத வீதி முழுதும் நடந்தேன். ஆலமரம் இல்லை. வெட்டிய அடிக்கட்டைகூட இல்லை. தெற்கு ரத வீதியில் பச்சைக் கதவு மூன்று. எதுவென்று கேட்டேன். முதலில் ஒன்றைக் காட்டினார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொன்று. மாடசாமி பைய என்னிடம், "அண்ணாச்சிக்கு வழி தெரியலைன்னா யாருகிட்டயாச்சும் கேட்டுருவமா?" என்றான். அவனுக்கே தெரிந்துவிட்டது.

காது இரண்டும் அடைத்த மாதிரி. ஆனாலும் வந்தாயிற்று. தரிசனம் பண்ணாமல் போகிறதில்லை என்று நானே முன்னால் நடந்தேன்.

பாடும் தூண்: பாடுகிறது! ஒருவர் தட்டிக் காட்டினார். கல்லுக்குள்ளிருந்து ஒன்றுக்கு ஒன்று வேறு சுரம். காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்; கன்னமெல்லாம் குளிர்ந்தது. இது இவர்கள் சொன்னபடியே.
நந்தி: பெரிசுதான். விட்டம் முட்டவில்லை.
அம்மன்: மூக்குத்தி தெரிந்தது. பிறகு முகம். கண்ணீர் மறைத்துச் சரியாகப் பார்க்கவில்லை. வேண்டிக்கொள்ள ஒன்றும் வாயில் வரவில்லை.

இரண்டு சன்னிதிக்கும் நடுவே நீள மண்டபம். அங்கே நின்று கேட்டேன். "இந்த ஊருக்கு நீங்க முன்ன வந்திருக்கியளா?"

தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோயில்ல நிக்கோம்" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

இன்று "இவர்கள்" என்று எழுத இதற்குமேல் கை வரவில்லை. "இவர்" போதும்.

தை 12. தி.வேலி.

மேகம். தூற்றல் இல்லை. சத்திரத்தில் பக்கத்துத் தாழ்வாரத்தில் தங்கிய கடையம் ஊர்க்காரி தலைவலிக்குச் சுக்கு உரசித் தந்தாள்.

நேற்றுக் கோயிலை விட்டு வந்ததும் கம்பளியைத் தலையோடு போர்த்திப் படுத்துவிட்டேன். "ஊருக்குத் திரும்பிருவமா?" என்று இவர் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொன்னேன். "பாக்க வந்ததைப் பாத்துட்டுத்தான் போறது. வழி நான் கேட்டுக்கிடுதேன்."

கேட்டேன். மூன்று பேரிடம் கேட்டு, மாடசாமிக்கு நானே வழி சொல்லி, குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் முங்கிப் போகுமாம், வடிந்தால் கழுவிவிட்டு மறுபடி பூசையாம். இப்படி ஒன்று இருப்பதை இவர் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது, அதனால் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

குளித்தேன். தாமிரபரணித் தண்ணீர் முட்டுக்கு மேல் ஏறினதும் ஒரே குளிர். கீழே கூழாங்கல், நல்ல வழுக்கல். இவர் கரையில் உட்கார்ந்திருந்தார். ஈரச்சேலையோடு எதிரே போய் நின்றேன்.

"சொல்லுங்க."

சொன்னார். பத்தொன்பது வயசில் அப்பா வக்கீலுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினாராம். வழியில் ஏரலில் காய்ச்சல், ஒரு மாசப் படுக்கை. எழுந்தபோது வக்கீல் வேறு ஆள் வைத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்ப வெட்கம்.

"ஏரல்லயே ஒரு மளிகைக் கடையில மொளகா நிறுத்தேன். ரெண்டு வருசமும் அதான். சரக்கெடுக்க வார திருநெல்வேலிக்காரங்க பேசுறதைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பேன். வீட்டுக்கு வந்து வக்கீல் ஆபீசுன்னேன். அதை நம்பித்தான் உங்கப்பா பொண்ணு குடுத்தாவ."

"அதுக்குச் சொன்னது சரி. எனக்குச் சோறூட்டையில?"

ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் விட்டார். பிறகு: "கேட்டு வச்சிருந்த தெருவெல்லாம் நாலு நாள்ல தீந்து போச்சு. அஞ்சாம் நாளு நீ வாயைத் தெறந்துட்டு இருக்கே, சொல்ல ஒண்ணும் இல்ல. ஆத்தைக் கொண்டாந்து கோயில் வாசல்ல விட்டேன்."

அழுதார். வடிவு போனபோதுகூட என் முன்னால் அழாதவர்.

அத்தனை தெருவையும் எனக்காக உண்டாக்கினாரே என்று மனசு அந்தப் பக்கம் சாயப் பார்த்தது. சாய விடவில்லை. பிழைக்க வைத்தது உண்மை. பொய்யும் பொய்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொன்னேன். "மதினிகிட்ட நீங்களே சொல்லணும். நானாச் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

"அக்கா மனசு ஒடிஞ்சிரும்."

"என் மனசு ஒடியலையா?"

தை 13. தி.வேலி.

நல்ல வெயில். கா. 6 மணிக்கே தாமிர சபை. மரத்தில் அத்தனை செதுக்கு வேலை, மேலே செம்புத் தகடு. பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்சம் உட்கார்ந்தோம்.

பிறகு அம்மன் சன்னிதிக்கு மறுபடியும், நான் மட்டும். கூட்டம் இல்லை. இன்று முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வடிவு பேரைச் சொன்னேன். அவ்வளவுதான்.

மதியம் ரயில். பார்த்தால் போதும் என்றார் இவர். ஏறுவோம் என்றேன். அடுத்த ஸ்டேஷன் வரை டிக்கெட். ஊதினதும் பெட்டி ஒரு குலுக்கு! இவர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெட்ராசுக்கு ரயிலில் போய் வந்ததாக எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"ஆமா" என்றார் உடனே.

பதினாறு வருஷத்தில் யோசிக்காமல் சொன்ன முதல் பதில். சிரித்துவிட்டேன். எனக்கும் உள்ளங்கை வேர்த்திருந்தது. பனைமரமெல்லாம் பின்னாலே ஓடுகிறது. கரி ஒன்று கண்ணில் விழுந்தது. சேலைத் தலைப்பை ஊதி ஒற்றி எடுத்தார்.

வாங்கியது: மஞ்சள், குங்குமம், மதினிக்கு மரச்சீப்பு, ஒரு படி அவல்.

தை 15. சாத்தான்குளம்.

நேற்றுப் பொழுதிறங்க வந்து சேர்ந்தோம். உடம்பெல்லாம் வலி. மாடு ஒன்றுக்குக் கால் நொண்டல்.

"இவர்கள்" என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். "இவர்" இருக்கட்டும்.

காலையிலேயே பெரிய மதினி வந்துவிட்டாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எலே தம்பி, ஒன் வக்கீல் வீட்டுக்குப் போனியா? அடையாளம் கண்டுக்கிட்டாவளா?" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் அவலைப் புடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. முறம் மட்டும் நின்றுவிட்டது.

"அக்கா, நான் திருநெல்வேலியில இருந்ததே இல்ல. இப்பத்தான் மொத தடவை பாக்கேன்."

வந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மதினி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பம் அந்த ரெண்டு வருசம் எங்கல கெடந்த?"

"ஏரல்ல. மொளகா நிறுத்துக்கிட்டு."

மதினி சீப்பை எடுத்தாள், வைத்தாள். "அப்பா சாகுத வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாவ" என்றாள். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். உள்ளே போகவில்லை. அதைக் கவனித்தேன்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரை விட்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு, காந்திமதி. மெய்யா அந்த ஊரு எப்படித்தான் இருக்கு?"

முறத்தைக் கீழே வைத்தேன். இவரும் வந்து உட்கார்ந்தார், கேட்க.

"ஆறு கோயிலுக்குத் தெக்க, மதினி" என்று ஆரம்பித்தேன்.